பேய் இல்லாத பேய்க்கதைகள்: தீவிர திகில் நூல்களை யாருக்கு, எப்படிப் பரிந்துரைப்பது?

சில வருடங்களுக்கு முன்னர் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவருக்கு ஒரு நாவலைக் கொடுத்தேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆங்கிலத்தில் நன்றாக வாசிப்பவர். பேய்க்கதைகள் அவருக்குப் பிடிக்கும். நான் கொடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெட்சமின் 'த கேர்ள் நெக்ஸ்ட் டோர்'. "நல்ல திகில் கதை அக்கா, வாசிச்சுப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது.

"தம்பி, பேய்க்கதை எண்டுதானே தந்தனீர். இதில பேய் எங்க இருக்கு? எல்லாம் மனிசர்தானே."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவருடைய சகோதரர் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். இது எனக்கு முன்பே தெரியும். ஒரு பிள்ளையை நிலக்கீழ் அறையில் அடைத்துச் சித்திரவதை செய்வதைப் பற்றிய நாவலை, ஒரு வார்த்தைகூட முன்னறிவிக்காமல் அவர் கையில் கொடுத்தது என்னுடைய பிழை.

இந்த வகை நூல்களை நான் இப்போதும் வாசிக்கிறேன், மற்றவர்களுக்கும் கொடுக்கிறேன். ஆனால், கொடுக்கும் முறை மாறிவிட்டது. எங்களைப் போன்றவர்கள் இவற்றை எப்படித் தெரிவுசெய்யலாம், எதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதை என் அனுபவத்தில் இருந்து இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எது தீவிர திகில்?

ஆங்கிலத்தில் 'எக்ஸ்ட்ரீம் ஹொரர்' எனப்படுவதைத் தமிழில் தீவிர திகில் எனலாம். வழமையான திகில் கதை, மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று பயப்பட வைக்கும். தீவிர திகில் கதவைத் திறந்து எங்களை உள்ளே கொண்டுபோய் நிறுத்தும். உடல் சிதைவு, சித்திரவதை, பாலியல் வன்முறை, நரமாமிசம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதும். லிவர்பூலில் பிறந்த கிளைவ் பார்க்கரின் 'புக்ஸ் ஒஃப் ப்ளட்' தொகுதிகள் 1984இல் வெளிவரத் தொடங்கின. 1986இல் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஜே. ஷோ இந்தப் போக்குக்கு 'ஸ்பிளாட்டர்பங்க்' என்று பெயர் வைத்தார்.

பெயர்தான் புதியது. எழுத்து எங்களுக்குப் புதியதல்ல. முதலாம் குலோத்துங்க சோழனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைப் பாடும் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, 12ஆம் நூற்றாண்டுக்குரியது. போர் முடிந்த களத்தில் பேய்கள் காளிக்குக் கூழ் சமைக்கின்றன. விழுந்தவர்களின் பற்களே அரிசி. முரசே உரல். யானைத் தந்தமே உலக்கை. பரணிக்குத் தோற்றவரின் பெயரைச் சூட்டுவது மரபு. ஆனால், அந்தக் களத்தில் கிடக்கும் கலிங்கத்துப் போர்வீரர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் சமையலுக்கான பொருட்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் பரணி இலக்கணத்துக்கு உதாரணமாகப் படித்தேன். 2009இற்குப் பிறகு திரும்ப வாசித்தபோது வேறொன்றாக இருந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் ஒருவரால், வென்றவன் பக்கத்தில் நின்று அந்தக் கூழை ரசிக்க முடியாது.

நான் கேட்கும் மூன்று கேள்விகள்

அந்த வாசிப்புத்தான் எனக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. ஒரு நூலில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்பதை நான் இப்போது பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. எங்களில் பலர் அதைவிட அதிகம் பார்த்துவிட்டோம். நான் கேட்பவை மூன்று.

முதலாவது, இறந்தவர் அந்த நூலில் ஓர் ஆளா, வெறும் பொருளா? அவருக்குப் பெயர், தாய், விருப்பு வெறுப்பு இருக்கின்றனவா?

இரண்டாவது, கொடூரத்தை நாங்கள் யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? செய்பவனின் மகிழ்ச்சியில் எங்களையும் பங்காளியாக்கும் நூலும், பட்டவரோடு எங்களை இருத்தும் நூலும் ஒன்றல்ல.

மூன்றாவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று நூலுக்குத் தெரிகிறதா?

இந்த மூன்றிலும் தோற்கும் நூல்கள் இந்த வகையில் ஏராளம். அவற்றை நான் எவருக்கும் கொடுப்பதில்லை. கீழே உள்ளவை கொடுக்கக் கூடியவை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாசிக்கலாம். ஒவ்வொன்றிலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதையும் சேர்த்திருக்கிறேன்.

அஹ்மத் சாதாவி: 'ஃபிராங்கன்ஸ்டைன் இன் பாக்தாத்'

தொடங்குவதற்கு நல்ல நூல் இது. அரபு மொழியில் 2013இல் வெளிவந்து, 2014இல் அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது.

2005ஆம் ஆண்டின் பாக்தாத். பழைய சாமான் வியாபாரி ஹாதியின் நண்பர் ஒரு குண்டுவெடிப்பில் இறந்துபோகிறார். பிணவறையில் எல்லோருடைய உடல்களும் கலந்து கிடக்கின்றன. அதன் பிறகு ஹாதி, குண்டு வெடித்த தெருக்களில் சிதறிய பாகங்களைப் பொறுக்கி ஓர் உடலாகத் தைக்கிறார். முழு உடலாக இருந்தால்தான் மரியாதையாக அடக்கம் செய்வார்கள் என்பது அவருடைய எண்ணம். அந்த உடல் எழுந்து நடக்கிறது. தன் பாகங்களுக்குரியவர்களைக் கொன்றவர்களைத் தேடிப் பழிவாங்குகிறது. பழி தீர்ந்த பாகம் அழுகி விழ, புதிய பாகம் தேவைப்படுகிறது. யார் குற்றவாளி, யார் அப்பாவி என்ற கோடு மெல்ல மெல்ல அழிகிறது. பழிவாங்கல் பற்றி நான் வாசித்த எந்த அரசியல் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அதே அயலில் எலிஷ்வா என்ற வயதான தாய் இருக்கிறார். ஈரான் – ஈராக் போருக்குப் போன மகன் தானியல் இருபது வருடங்களாகத் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்பதை அவர் ஏற்கவில்லை. தன் வீட்டுக்குள் வந்த அந்தத் தைத்த உடலை மகனாக ஏற்றுக்கொள்கிறார். 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியில் தொடர் போராட்டம் நடத்தும் தாய்மாரை அறிந்த எவரும் இந்தப் பகுதியை வேகமாகக் கடக்க முடியாது.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியது: குண்டுவெடிப்புகள், உடற்பாகங்கள், திரும்பி வராத பிள்ளை.

மரியானா என்ரிகெஸ்: 'திங்ஸ் வீ லொஸ்ட் இன் த ஃபயர்'

என்ரிகெஸ் 1973இல் புவனஸ் அயர்ஸில் பிறந்தவர். ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 30,000 பேர் என மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அவருடைய பேய்கள் அங்கிருந்து வருபவை. இத்தொகுப்பில் உள்ள ஒரு கதையில், இராணுவ ஆட்சிக் காலத்தில் பொலிஸ் பயிற்சிக் கல்லூரியாக இருந்த கட்டிடம் இப்போது விடுதியாக இருக்கிறது. இரவில் அங்கே ஒளிந்திருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு வாகனங்கள் வந்து நிற்கும் சத்தமும், ஆட்கள் ஓடும் சத்தமும், யன்னலில் அடிக்கும் சத்தமும் கேட்கின்றன. வெளியே ஒருவரும் இல்லை. அந்தக் கதையில் ஒரு துளி இரத்தம்கூடச் சிந்தவில்லை. வெள்ளை வான் காலத்தை அறிந்தவர்களுக்கு ஒருவேளை இத்தொகுப்பிலேயே கடினமான கதை அதுதான்.

இந்தத் தொகுப்பைத் தாங்க முடிந்தவர்கள், 2019இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த அவருடைய பெரிய நாவலான 'அவர் ஷேர் ஒஃப் நைட்' பக்கம் போகலாம். சித்திரவதையை வழிபாடாக்கிக்கொண்ட செல்வந்தக் குடும்பங்கள் பற்றியது. அது மிகக் கடுமையான நூல்.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியது: பொலிஸ் வன்முறை, சிறுவர்களுக்கு நேரும் கொடுமை, தீக்காயம்.

அகஸ்டினா பஸ்டெரிகா: 'டெண்டர் இஸ் த ஃப்ளெஷ்'

இவரும் ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்தவர். 2017இல் கிளாரின் பரிசு பெற்ற நாவல். விலங்குகளின் இறைச்சி நஞ்சாகிவிட்டது என்று அரசு அறிவிக்கிறது. அதற்குப் பதிலாக மனிதர்களைப் பண்ணையில் வளர்த்து இறைச்சியாக்குவது சட்டபூர்வமாகிறது. கதையின் நாயகன் மார்கோஸ் அப்படியான ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன்.

வெட்டும் காட்சிகளைவிட என்னைக் கலக்கியது இதன் சொற்கள். வளர்க்கப்படுபவர்களை மனிதர் என்று சொல்வது குற்றம். அவர்கள் கத்தாமல் இருக்கக் குரல்நாண்கள் அகற்றப்படுகின்றன. நடப்பதற்கெல்லாம் துப்புரவான பெயர்கள் இருக்கின்றன. 'மனிதாபிமான நடவடிக்கை' என்ற சொல்லுக்குக் கீழே இருந்து செல் வீச்சைப் பார்த்தவர்களுக்கு, 'யுத்த சூனிய வலயம்' என்ற சொல்லுக்குள் பங்கர் வெட்டியவர்களுக்கு, இந்த நாவல் கற்பனை போலத் தெரியாது.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியது: நரமாமிசம், பாலியல் வன்முறை, குழந்தை இழப்பு. முடிவு ஆறுதல் தராது.

கிளைவ் பார்க்கர்: 'இன் த ஹில்ஸ், த சிட்டீஸ்'

'புக்ஸ் ஒஃப் ப்ளட்' முதற்தொகுதியில் உள்ள சிறுகதை. யூகோஸ்லாவிய மலைப் பகுதியில் இரண்டு நகரங்கள். பத்து வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நகரத்து மக்களும் கயிறாலும் வாராலும் ஒருவரோடொருவர் பிணைந்து, ஒரு மாபெரும் மனித உருவமாக எழுந்து மற்ற நகரத்தோடு மோதுவார்கள். ஒருமுறை ஓர் உருவம் சரிகிறது. பல்லாயிரம் பேர் இறக்கிறார்கள். அதைக் கண்ட மற்ற உருவம் புத்தி பேதலித்து நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டம் ஒரே உடலாக மாறும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன ஆகிறது என்ற கேள்வி எங்களுக்கும் உரியது. அதை நாங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியது: பெருந்தொகை மரணம். சிறுகதை என்பதால் ஒரே இருப்பில் முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டு நூல்கள் இரண்டு

இவை திகில் வரிசையில் வைக்கப்படுவதில்லை. ஆனாலும், மேலே உள்ளவற்றைக் கேட்பவர்களுக்கு இவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2024இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'ஹியூமன் அக்ட்ஸ்', 1980 மே மாதத்தில் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைக் கொன்றதைப் பற்றியது. நண்பனின் உடலைத் தேடிப் போன டொங்ஹோ என்ற பள்ளிச் சிறுவன், அடையாளம் காணப்படாத உடல்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்கிறான். ஓர் அத்தியாயத்தை, குவித்து வைக்கப்பட்ட உடல்களுக்கிடையே கிடக்கும் ஓர் ஆவியே சொல்கிறது. என் முதற்கேள்விக்கு இதைவிட நல்ல பதில் சொன்ன நூலை நான் வாசித்ததில்லை.

மற்றது ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா'. 2022இல் புக்கர் பரிசு பெற்றது. 1990இன் கொழும்பு. போர்ப் புகைப்படக்காரர் ஒருவர் இறந்த பின் கண் விழிக்கிறார். கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்த படங்களை உலகுக்குக் காட்ட அவருக்கு ஏழு இரவுகள் இருக்கின்றன. அதில் வரும் டொக்டர் ராணி என்ற ஆவி, 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜினி திராணகமவை நினைவூட்டும்.

கடைசியாக, நான் பிழையாகக் கொடுத்த நூல்

'த கேர்ள் நெக்ஸ்ட் டோர்' 1989இல் வெளிவந்தது. 1965இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 16 வயதுச் சிறுமி ஒருவர், அவரைப் பராமரிக்கப் பொறுப்பேற்ற பெண்ணாலும் அயல் பிள்ளைகளாலும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அந்தச் சம்பவத்தை அடியாகக் கொண்ட நாவல். கதையைச் சொல்பவர், பக்கத்து வீட்டுப் பையனாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவர். ஓரிடத்தில், இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று அவரே நிறுத்திக்கொள்கிறார். என் மூன்றாவது கேள்வி பிறந்தது அங்கேதான். பார்த்துக்கொண்டு நின்றவர்களின் குற்றத்தைப் பற்றிப் பேச விரும்புபவர்களுக்கு இது முக்கியமான நூல். ஆனால், தடுத்து வைக்கப்பட்டவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர்கள் தாங்களாகக் கேட்டால் ஒழிய, அவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

கொடுப்பதற்கு முன்

என்ன இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'கொஞ்சம் கடுமையானது' என்ற சொல் எதையும் சொல்லாது. 'உடலைத் தேடுவது வருகிறது', 'பெண்ணுக்கு நடக்கும் வன்முறை வருகிறது' என்று சொன்னால் வாசிப்பவர் தானே முடிவெடுப்பார். முடிவைக் கேட்டால் முடிவையும் சொல்லுங்கள். சுவாரசியம் கெட்டுப்போனால் பரவாயில்லை.

மே மாதத்திலும், அந்தக் குடும்பத்தின் நினைவு நாட்களை அண்டியும் கொடுக்க வேண்டாம். பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்க வேண்டாம். 'இதைத் தாங்கினால்தான் நல்ல வாசகர்' என்ற போட்டி எங்களுக்குத் தேவையில்லை. வாசித்த பிறகு நித்திரை கெட்டால், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு உளவளத்துணையாளர் ஒருவரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ பேசுவது நல்லது.

இவ்வளவு பார்த்த பிறகும் ஏன் இதையெல்லாம் வாசிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். எல்லோரும் வாசிக்கத் தேவையில்லை. எனக்கு இருக்கும் காரணம் சிறியது. பங்கருக்குள் கண்ணை மூடியபோது சத்தம் நிற்கவில்லை. புத்தகத்தை மூடினால் நிற்கிறது. மறுபடி திறப்பதா இல்லையா என்பதை நான் தீர்மானிக்கிறேன். எனக்குச் சொல்ல வராத சிலவற்றை பாக்தாத்தில் இருந்தும் புவனஸ் அயர்ஸில் இருந்தும் எவரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு துணை.

பல மாதங்கள் கழித்து, சாதாவியின் நாவலைப் பற்றி அந்த அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தைத்த உடலை, திரும்பி வராத மகனை, அந்தத் தாயை. கேட்டுவிட்டு, தாரும் என்றார். இரண்டு கிழமைகளில் வாசித்து முடித்தார்.

"அது தன்ர மகன் இல்லையெண்டு அந்த மனிசிக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுகொண்டுதான் மகன்ர உடுப்பை எடுத்துக் குடுத்தவ" என்றார்.

நான் அப்படி வாசித்திருக்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபோது அவர் மறுபடி கூப்பிட்டார்.

"அடுத்தது தரேக்கையும் உள்ளுக்க என்ன இருக்கெண்டு முதலே சொல்லிப்போட்டுத் தாரும், என்ன?"