கண்டேரித் தீவின் கலங்கரை விளக்கம்

சகியாத்திரி மலைக்குக் கிழக்கே, கசார்வாடியில் வாழும் நமக்குக் கலங்கரை விளக்கம் என்றவுடன் பெரும்பாணாற்றுப்படை நினைவில் எழும். நடுக்கடலில் திசையறியாது திகைக்கும் கலங்களை, நீர்ப்பெயற்றுத் துறையின் மாடத்தில் ஏற்றிய விளக்கு அழைத்ததாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். அத்தகைய விளக்கொன்று நாம் வாழவந்த மராட்டிய மண்ணின் கடலிலும் உண்டு.

அலிபாக்கை அடுத்த தல் என்னும் கரையூருக்கு எதிரே, மும்பைத் துறைமுகத்தின் தென்புறத்தில் உள்ளது கண்டேரித் தீவு. 1677-இல் நம் செஞ்சியைக் கைக்கொண்ட சிவாஜி, 1679-இல் இங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கினார். மும்பைக்கு இத்துணை அருகே மராட்டியர் அரண் அமைவதை ஆங்கிலேயர் பொறுப்பரோ? அவர்களும் ஜஞ்சிராவின் சித்திகளும் கப்பல்களால் தீவை வளைத்தனர். மாய்நாக் பண்டாரியின் வீரர்கள் தளரவில்லை. இரவின் மறைவில் சிறு படகுகள் அவர்களுக்கு வேண்டுவன கொண்டு சேர்த்தன. அன்று இருளே அத்தீவுக்கு அரணாயிற்று.

1818-இல் மராட்டியப் பேரரசு வீழ, தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1867-இல் அவர்கள் அங்கே கலங்கரை விளக்கம் அமைத்தனர். எந்தக் கப்பலையும் அணுகவிடாது நின்ற தீவு, எல்லாக் கப்பல்களுக்கும் வழிகாட்டலாயிற்று. பிற்காலத்தில் அவ்விளக்கு, மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் பெயரைப் பெற்றது.

2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் கண்டேரியும் ஒன்று. மராட்டியத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையான நம் செஞ்சியும் ஒன்று. பிறந்த மண்ணையும் புகுந்த மண்ணையும் வரலாறு ஒரே ஏட்டில் எழுதியுள்ளது. விடுமுறையில் செஞ்சியைக் காணச் செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கண்டேரியின் கதையையும் சொல்லி வைப்போம்.