ஜனக்புரிக்கு வந்த ரொட்டிகள்

மேற்கு தில்லியின் ரொட்டி வரலாறு 1947-இல் திசை மாறியது. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபை விட்டு வந்த குடும்பங்கள் திலக் நகர், ரஜோரி கார்டன் பகுதிகளில் குடியேறியபோது தந்தூர் அடுப்பும் உடன் வந்தது. பெரிய களிமண் பானை. அடியில் கரி கனலும். உட்சுவரில் அறைந்த மாவு ஓரிரு நிமிடங்களில் வெந்துவிடும். வீட்டுக்கொரு தந்தூர் கட்டுப்படியாகாது. அதனால் பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, பொதுத் தந்தூருக்கு எடுத்துப்போய்ச் சுட்டு வருவது பஞ்சாபி வழக்கம். இந்தக் கூட்டு அடுப்புக்கு சாஞ்சா சூல்ஹா என்று பெயர்.

தந்தூரி ரொட்டிக்கு வேண்டியது கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 1944-இல் இங்கிலாந்தில், விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவர்களுக்கான வீகன் சங்கம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கொள்கை எதுவும் பேசாமல் பஞ்சாபி அடுப்பில் வெந்துகொண்டிருந்த வீகன் ரொட்டி இது. தவிடும் பெரும்பாலும் மாவிலேயே தங்கிவிடுவதால் நார்ச்சத்துக்கும் குறைவில்லை. சிக்கல் அடுப்பை விட்டு வெளியே எடுத்த பிறகுதான்: சூடு ஆறுமுன் வெண்ணெயோ நெய்யோ தடவாமல் பஞ்சாபிக் கைகள் விடுவதில்லை. நான் ரொட்டி வேறு வகை. மைதாவைத் தயிரோ பாலோ சேர்த்துப் பிசைவார்கள். வெண்ணெயைத் தவிர்த்தாலும் அது வீகன் ஆகாது.

தில்லி வளர்ச்சி ஆணையம் இதே மேற்கு தில்லியில் ஜனக்புரியை உருவாக்கியது 1970-களில். பஞ்சாபியரோடு தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. இதற்குள் பாக்கெட் பிரெட் அரசாங்கச் சரக்காகவே ஆகியிருந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நாடு எதிர்பார்த்திருந்த 1965-இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. மெழுகுத்தாளில் சுற்றி, வைட்டமின் சேர்த்து வந்த அந்த வெள்ளை பிரெட் ஒரு தலைமுறையின் காலை உணவு. 2000-இல் அரசு அதன் பெரும்பங்கை இந்துஸ்தான் லீவருக்கு விற்றது.

பாக்கெட் பிரெட்டுக்கும் பால் கட்டாயமில்லை. மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, எண்ணெய் போதும். மென்மைக்கும் மணத்துக்கும் பால் பவுடரோ வெண்ணெயோ சேர்ப்பது தயாரிப்பாளரின் விருப்பம். பிற்பாடு பிரபலமான பிரவுன் பிரெட்டில் ஏமாற்றம் வேறு விதம்: நிறத்தைத் தவிடு தராமல் கேரமல் தந்திருக்கலாம்.

உறையில் அச்சாகும் பச்சைப் புள்ளி இறைச்சியும் முட்டையும் இல்லை என்றே சொல்கிறது. பால் அதற்குள் அடக்கம். பால் தவிர்ப்பவருக்கு அதனால் பெரிய பயனில்லை. புள்ளி காட்டாத வேறு விஷயங்களும் உண்டு: 2016 மே மாதம் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நகரின் பிரெட், பன், பாவ் போன்ற 38 மாதிரிகளைச் சோதித்து, 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக அறிவித்தது. மாவை உப்பவைக்கச் சேர்க்கும் புரோமேட், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுவது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடைசெய்தது. வீகன் உணவுக்கென்று தனி விதிகளும், பச்சை நிற 'வி' எழுத்து முத்திரையும் 2022-இல்தான் வந்தன.

முத்திரை இல்லாத பிரெட்டிலும் வேண்டிய தகவல் உறையிலேயே உண்டு. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. முழுக்கோதுமை முதலில் நிற்கிறதா, மைதா நிற்கிறதா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். மீதியை ஒவ்வாமை வரி சொல்லும்: பால் கலந்திருந்தால் அங்கே குறிப்பிட்டாக வேண்டும். உறையே இல்லாத தந்தூர்க் கடையில், வெண்ணெய் தடவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.