ஒரு பிரதி போதாது: ஓலைச்சுவடி முதல் நம் சங்க அறைப் பெட்டி வரை

சங்க அறையில் ரௌட்டருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் கறுப்புப் பெட்டி என்ன என்று பலர் கேட்கிறீர்கள். அது நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. சுருக்கமாக ‘நாஸ்’ என்பார்கள். சங்கத்தின் கோப்புகள் இனி யாருடைய லேப்டாப்பையும் நம்பி இருக்காது. இந்தப் பெட்டியில் இருக்கும். அனுமதி உள்ளவர்கள் நம் வைஃபை மூலம் திறந்து பார்க்கலாம். இதை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு இது முதல் முறை. ஆனால் வேலை முடிந்தபோது, இதற்குப் பின்னால் உள்ள யோசனை மிகப் பழையது என்று புரிந்தது.

நம் முன்னோர் பனையோலையில் எழுதினார்கள். ஓலையைப் பூச்சி அரிக்கும், நாளானால் ஒடியும். அதனால் பழைய ஏடு நைந்துபோவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதிவைத்தார்கள். பெயர்த்து எழுத ஆளில்லாத நூல்கள் அழிந்தன. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, பல பிரதிகளை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததே, அந்த நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் பல இடங்களில் மிஞ்சியிருந்ததால்தான். எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ்ப்பாணம் காட்டியது. பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின.

நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1983. எல்லாம் கனத்த லெட்ஜர்கள். அதே ஆண்டில்தான் இயந்திரமயமாக்கம் குறித்து இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. 1984இல் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. வேலை போய்விடுமோ என்று எங்களுக்குப் பயம். முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. பிறகு கிளை முழுவதும் கம்ப்யூட்டர். உள்ளே ஓர் அறையில் நோவெல் நெட்வேர் சர்வர் இருக்கும். எல்லா கவுண்டர்களும் அதே டிஸ்க்கில்தான் எழுதும். நம் பெட்டிக்கு அதுதான் தாத்தா.

தினமும் கணக்கு முடித்ததும் பிளாப்பியில் பிரதி எடுப்போம். ஒன்று கிளையில் இருக்கும். இன்னொன்று வெளியே போகும். பெட்டகத்தின் மாற்றுச் சாவியைக்கூட அதே கிளையில் வைக்க மாட்டோம்.

உலக அளவில் பார்த்தால், 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க்கில் 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கே அது சரியாகிவிடும். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், வேறொரு கணினியில் உள்ள கோப்பை நம் கணினியில் இருப்பதுபோலவே திறக்கும் என்எஃப்எஸ் முறையைக் கொண்டுவந்தது. 1987இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகளை வகைப்படுத்தி ‘ரெய்டு’ என்று பெயரிட்டார்கள். அதன் முதல் வகைதான் நம்முடையது: இரண்டு 4 டிபி டிஸ்க்குகள், இரண்டிலும் ஒரே விஷயம். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும்.

அமைக்க ஒரு மாலை நேரம் ஆனது. டிஸ்க்குகளைச் செருகி, லேன் கேபிளை மாட்டி, ரௌட்டரில் பெட்டிக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கி, யுபிஎஸ்ஸில் இணைத்தேன். செயலாளர், பொருளாளர் இருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. அவர்கள் மட்டும் எழுதலாம். கமிட்டி உறுப்பினர்கள் படிக்கலாம்.

பிறகு ஒரு தவறு செய்தேன். 2019ஆம் ஆண்டு கூட்டக் குறிப்புகள் இருந்த ஃபோல்டரைக் கைதவறி அழித்துவிட்டேன். இரண்டாவது டிஸ்க் இருக்கிறதே என்று தைரியமாகத் தேடினேன். அதிலும் இல்லை. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய பென் டிரைவில் அவை இருந்ததால் தப்பித்தேன். மறுநாளே பெட்டியில் ரீசைக்கிள் பின் வசதியைப் போட்டுவிட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளியூரில் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போன வருடம் நான் பொருளாளராக இருந்தபோது, என் லேப்டாப் ஒரே மின்னலில் போய், மூன்று மாதப் பராமரிப்புக் கணக்கை ரசீதுகளைப் பார்த்து மறுபடி எழுதினேன். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே மின்னலில் போகலாம்.

எனவே மூன்றாவது பிரதி ஒன்று மலைக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு சிறிய வெளி டிஸ்க்குகள் வாங்க கமிட்டி ஒப்புக்கொண்டுள்ளது. ஒன்று இங்கே பிரதி எடுக்கும்போது மற்றது சேலத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம். சேலத்தில் வீடு வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறும் குடும்பம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பீரோவில் ஒரு சின்ன இடம் போதும்.