பங்குத் தொழிலாளியும் அங்கவீனக் கொடுப்பனவும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், உடப்பு போன்ற ஊர்களில், கரைவலை இழுப்போருக்கு மாதச் சம்பளம் இல்லை; மீன்பாட்டில் பங்குதான். இலங்கையின் 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ முதலாளியையும் சம்பளத்தையும் அடிப்படையாகக் கொண்டது. கை கால் முடங்கிய பங்காளி அதற்குள் எளிதில் அடங்கவில்லை. அவருக்கு எஞ்சியது அரசின் உதவிப்பணம். மக்கள் வழக்கில் 'பிச்சைச் சம்பளம்'.

1990இன் 23ஆம் இலக்கச் சட்டம் கடற்றொழிலாளர் ஓய்வூதியத்தோடு அங்கவீனக் கொடுப்பனவையும் கொண்டுவந்தது. ஆனால் தவணைப்பணத்தை மீனவரே கட்டவேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் வலை ஓய்ந்துகிடக்கும் மாதங்களில் அதற்குக் காசேது?

2023இல் அஸ்வெசும வந்தது. வறிய குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கு மாதம் 5,000 ரூபா. 2024இல் 7,500 ரூபா.

முன்னது சந்தா கேட்டது. பின்னது வறுமைக்குச் சான்று கேட்கிறது. உழைக்கும் வலுவை இழந்ததையே போதிய தகுதியாக ஏற்கும் சட்டம் பங்குத் தொழிலாளிக்கு இன்னும் வாய்க்கவில்லை.