அல்லிராணிக் கோட்டையும் ஆசிரியர் பயிற்சியும்

அரிப்பில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் அல்லிராணிக் கோட்டையைப் பார்க்காத சிலாவத்துறைக்காரர் இருக்க மாட்டார். அதை எந்த ராணியும் கட்டவில்லை. முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்குவதற்காக ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகை அது. அந்த நோர்த்துக்கும் ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இலங்கையில் ஆசிரியர்களை உருவாக்கும் வேலையை முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் ஒல்லாந்தர். 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் செமினரிகளைத் தொடங்கினார்கள். தங்கள் சமயத்தைப் பரப்புவதே அவர்களது நோக்கம்.

அடுத்து நடந்தது சென்னையில். 1789இல் அங்கே இராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜோன் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த அதே வேலைதான். 1797இல் பெல் இதை லண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் அந்த முறையில் ஆசிரியர்களைப் பழக்கப் பள்ளிகளும் எழுந்தன.

அதே அநாதைப் பள்ளியில் பணியாற்ற வந்த ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியாரைத்தான் நோர்த் இலங்கைக்கு அழைத்து, பள்ளிகளுக்குப் பொறுப்பாக்கினார். கோர்டினர் பின்னர் எழுதிய நூலில் நம் கரையின் முத்துக்குளிப்பும் இருக்கிறது.

ஆனால் 1803இல் செலவைக் குறைக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. ஊர்ப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் நின்றது, பள்ளிகள் தளர்ந்தன. நம் கடல் கொடுத்த முத்துப் பணம் அரசாங்கத்துக்குப் போனது. சிக்கனம் என்றதும் முதலில் அடிபட்டவர் ஆசிரியர்.

1990இல் வெளியேற்றப்பட்டு, பல வருடம் கழித்து மீளக் குடியேறிய நமக்கு இது பழங்கதை அல்ல. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்கள் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரில் நிலைத்து நிற்பவர் ஊரில் பிறந்த ஆசிரியர்தான்.

ஆகவே பெற்றோரே, உயர்தரம் முடித்த உங்கள் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையை நம்பி ஒரு வகுப்பைக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளை நாம் நம்பக் கூடாதா?