ஏரிக்கு ஓர் அரைஞாண்



நம் புதுச்சேரியில் கொம்யூன் என்ற சொல் தெரியாதவர் இல்லை. பாகூர் கொம்யூன், நெட்டப்பாக்கம் கொம்யூன் என்று இன்றும் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொல் அது. அவர்கள் நாட்டில் சில சின்னக் கொம்யூன்கள் கூடி ஒரு மலை ஏரியைக் காப்பாற்றிய வரலாற்றை இன்று எழுதுகிறேன். பள்ளியில் கற்ற பிரெஞ்சு இந்த வயதிலும் இப்படி உதவுகிறது.

ஆல்ப்ஸ் மலையில், சவுவா பகுதியில் இருக்கிறது ஆன்சி ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 447 மீட்டர் உயரம். பரப்பு ஏறக்குறைய 27 சதுர கிலோமீட்டர். வட கோடியில் ஆன்சி நகரம். கரையைச் சுற்றி செவ்ரியே, வெய்ரியே, தல்லுவார் போன்ற சிற்றூர்கள். குடிநீரும் இந்த ஏரியிலிருந்துதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளும் ஓட்டல்களும் பெருகின. கழிவுநீர் ஏரியில் இறங்கியது. ஏரி கெடுகிறது என்று ஓயாமல் எச்சரித்தவர்களில் முக்கியமானவர் மருத்துவர் போல்-லூயி செர்வெத்தாஸ்.

கழிவுநீரில் உள்ள பாஸ்பரஸ், வயலுக்கு இடும் உரம் போன்றது. அதைத் தின்று பாசி கொழிக்கும். செத்த பாசி அடியில் போய் அழுகும்போது அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். குளிர்ந்த ஆழத்தில் வாழும் ஓம்பல் செவாலியே என்ற மீனுக்கு அப்புறம் மூச்சு ஏது?

1957-ல் கரையோரக் கொம்யூன்கள் எட்டு சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. அப்போது ஆன்சியின் மேயர் சார்ல் போசோன். ஒவ்வோர் ஊரும் தனித்தனியே கழிவுநீரைச் சுத்தம் செய்து ஏரியில் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைய முறையில் சுத்தம் செய்தால் நாற்றமும் அழுக்கும் போகுமே தவிர, பாஸ்பரஸில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். ஆகவே சுத்தம் செய்த நீரைக்கூட ஏரியில் விடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கட்டுவதுபோல் ஏரிக்கரையோரம் குழாய் போட்டார்கள். மேடான இடங்களில் பம்பு வைத்து ஏற்றி, ஏரிக்குக் கீழே உள்ள நிலையத்தில் சுத்தம் செய்து, ஃபியே ஆற்றில் விட்டார்கள். 1960-களில் தொடங்கிய வேலை 1970-களிலும் நடந்தது. அழுக்கைக் கீழே இருப்பவர் தலையில் கட்டினார்களா என்று கேட்கலாம். சுத்தம் செய்த பிறகுதான் ஆற்றில் விட்டார்கள். தேங்கும் ஏரியைவிட ஓடும் ஆறு அதைத் தாங்கும்.

ஆயுள் முழுதும் அரசாங்கக் கோப்பு புரட்டிய எனக்குக் குழாயைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ஒப்பந்தம்தான். ஊர்கள் கூட்டமைப்பு அமைக்க வழி செய்த சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? ஒவ்வோர் ஊர் மன்றமும் தீர்மானம் போட்டு, தன் பங்குப் பணத்தை ஒதுக்க வேண்டும். "நம் ஊர்ச் சாக்கடை எவ்வளவு பெரிது, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று எந்தச் சிற்றூரிலும் நாலு பேர் கேட்பார்கள். அதைத் தாண்டித்தான் மண்வெட்டி மண்ணைத் தொட முடியும். நாடு முழுவதற்குமான தண்ணீர்ச் சட்டம் பிரான்சில் வந்தது 1964-ல். இந்தக் கொம்யூன்கள் அதற்கு 7 ஆண்டு முந்திக்கொண்டன.

அந்த ஏரியின் நீர் முழுதும் மாறச் சுமார் 4 ஆண்டு ஆகும். இன்று தெளிந்த நீருக்கு அது பெயர் பெற்ற ஏரி.

நம் ஊசுடு ஏரியும் புதுச்சேரிக்குப் பாதி, தமிழ்நாட்டுக்குப் பாதி என்று இரண்டு நிர்வாகங்களில் கிடக்கிறது. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. கரைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதுதான் முதல் குழாய்.