எள்: விதையின் நிறமும் எண்ணெயின் மிச்சமும்

1. பொருள்

எள்ளின் நெய் எண்ணெய். வடமொழியிலும் இதே கதைதான்: திலத்திலிருந்து வந்தது தைலம். தேங்காயிலிருந்து எடுத்ததையும் நிலக்கடலையிலிருந்து எடுத்ததையும், மண்ணிலிருந்து எடுத்ததைக்கூட, நாம் எள்ளின் பெயராலேயே அழைக்கிறோம். ஊருக்கெல்லாம் பெயர் கொடுத்த பயிர், தன் பெயருக்கு 'நல்ல' என்று ஓர் அடைமொழி போட்டுக்கொண்டு நல்லெண்ணெய் ஆயிற்று.

எள்ளின் ரகங்களை ஒப்பிடும் அட்டவணை எதை எடுத்தாலும் எண்ணெய்க்கென்று ஒரே ஒரு பத்திதான் இருக்கும்: எண்ணெய்ச் சதவீதம். ஐம்பது என்றால் நன்று, ஐம்பத்திரண்டு என்றால் மிக நன்று. எள்ளின் பன்மையை அளக்க இது போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். எண்ணெயின் பெரும்பகுதியில் எள் ரகங்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவதில்லை. ரகத்துக்கு ரகம் பெரிதும் மாறுவது அந்த எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத மிச்சமும், விதையை மூடிய தோலும்தான்.

2. ஒன்றா, இரண்டா?

1753-ல் லின்னேயஸ் எள்ளை ஒரே நூலில் இரண்டு சிற்றினங்களாகப் பதிந்தார். கீழிலைகள் மூன்றாகப் பிளந்திருந்த செடிக்குச் செசமம் இண்டிகம் என்றும், பிளவில்லாத இலைகொண்ட செடிக்குச் செசமம் ஓரியண்டாலே என்றும் பெயர் வைத்தார். எள்ளுக்காட்டில் ஒருமுறை நடந்தவருக்கு இது சிரிப்பை வரவழைக்கும். ஒரே செடியில் அடியிலை பிளந்தும் நுனியிலை குறுகி நீண்டும் இருப்பது அங்கே சாதாரணம். இன்று இரண்டும் ஒரே இனம். இண்டிகம் என்ற பெயர் நிலைத்தது. கண்ணில் படும் வேற்றுமை எல்லாமே ஆழமான வேற்றுமை அல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எள்ளில் இல்லை.

3. விதை

ஆயிரம் எள் சேர்ந்தால் எடை 2 முதல் 4 கிராம். எக்டேருக்கு 5 கிலோ விதை என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. ஆயிரத்துக்கு 3 கிராம் என்று கொண்டால் அது 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை. செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட்டால் எக்டேரில் நிற்க வேண்டியதோ ஏறக்குறைய 1.11 லட்சம் செடிகள்தான். மணல் கலந்து தூவி, முளைத்தபின் கலைத்துவிடுவது இதனால்தான். கலைக்கும் கை வாடலான நாற்றைப் பிடுங்கித் தடித்ததை விட்டுவைக்கும். எள்ளின் நாட்டு ரகங்களில் பாதி, இப்படித் தேர்வு என்று யாரும் பெயர் வைக்காத தேர்வில் உருவானவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிறம் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, வெள்ளை என்றும் இவற்றின் இடைநிறங்களாகவும் வரும். தமிழ்நாட்டில் வெளியான ரகங்களின் பிறப்பைப் பார்த்தால் ரகத்தின் பின்னால் ஓர் ஊர் இருப்பது தெரியும். டி.எம்.வி. 3 தென்னார்க்காட்டு உள்ளூர் எள்ளும் மலபார் எள்ளும் கலந்தது. டி.எம்.வி. 4 சாத்தூர் எள்ளிலிருந்தும், டி.எம்.வி. 5 ஸ்ரீவைகுண்டத்து எள்ளிலிருந்தும், வி.ஆர்.ஐ. 1 திருக்காட்டுப்பள்ளி எள்ளிலிருந்தும் பிரித்தெடுத்தவை. எஸ்.வி.பி.ஆர். 1 வெள்ளை எள். அதன் மூலம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் வெள்ளை வகை. பெயர்களில் திண்டிவனமும் விருத்தாசலமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுருக்கெழுத்தாக நிற்கின்றன. விதையைக் கொடுத்த ஊர்களுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

நிறத்துக்கும் எண்ணெய்க்கும் தொடர்பு உண்டு. ஜப்பானில் 42 எள் வகைகளைச் சோதித்து 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளை எள்ளின் சராசரி எண்ணெய் 55.0 சதவீதம், கறுப்பின் சராசரி 47.8. இதை வைத்துக் கறுப்பு எள் மட்டம் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? கறுப்பு எள்ளின் தோல் பொதுவாகத் தடிமன். சதவீதமோ தோலோடு சேர்த்த முழு விதைக்குக் கணக்கிடுவது. ஆகவே அந்த ஏழு புள்ளி வேறுபாட்டில் ஒரு பங்கு தோலின் கணக்கு.

தோலும் வெறும் உமி அல்ல. 100 கிராம் முழு எள்ளில் சுமார் 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தோல் நீக்கிய பருப்பில் 60 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் கால்சியத்தின் பெரும்பகுதி ஆக்ஸலேட் படிகமாக இருப்பதால் உடம்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளாது என்பதும் உண்மை. எள்ளைப் பாலோடு ஒப்பிட்டுப் பேசுவோர் இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

4. எண்ணெயின் பெரும்பகுதி

நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஒலீயிக் அமிலம் ஏறக்குறைய 40 சதவீதம், லினோலீயிக் அமிலமும் ஏறக்குறைய அவ்வளவே. பாமிட்டிக் 9, ஸ்டியரிக் 5 அளவில் நிற்கும். லினோலெனிக் ஒன்றுக்கும் கீழ். ரகத்துக்கு ரகம் முதல் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சில புள்ளிகள் ஏறி இறங்கும். சூரியகாந்தியில் ஒலீயிக் அமிலம் 80 சதவீதத்தைத் தாண்டும் ரகங்கள் வணிகத்துக்கே வந்துவிட்டன. குசும்பாவிலும் அப்படிப்பட்டவை உண்டு. பயிரிடும் எள்ளில் அத்தகைய பாய்ச்சல் இல்லை.

அந்த ஏற்ற இறக்கமும் முழுக்க ரகத்தின் குணம் அல்ல. விதை முற்றும் காலம் குளிர்ந்திருந்தால் லினோலீயிக் கூடும். எள் அடியிலிருந்து நுனி நோக்கிப் பூத்துக்கொண்டே போகும் செடி. அடிக்காய் முற்றும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். ஆகவே ஒரே செடியின் அடிக்காய் விதைக்கும் நுனிக்காய் விதைக்கும் எடையிலும் எண்ணெயிலும் வேறுபாடு வரும். மாசிப் பட்டத்து எள்ளையும் ஆடிப் பட்டத்து எள்ளையும் அருகருகே வைத்து ரகங்களை ஒப்பிடுகிறோம் என்பவர்கள் பாதி நேரம் வெயிலை ஒப்பிடுகிறார்கள்.

5. மிச்சம்

அந்த மிச்சத்தில் முக்கியமானவை லிக்னன்கள் என்னும் சேர்மங்கள்: செசமினும் செசமோலினும். மேலே சொன்ன 42 வகை ஆய்வுக்கே திரும்புவோம். அதில் எண்ணெய் அளவு 43.4 முதல் 58.8 சதவீதம் வரை: அதிகம் குறைவைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லை. எண்ணெயில் செசமின் 0.07 முதல் 0.61 சதவீதம் வரை: எட்டு மடங்குக்கு மேல். செசமோலின் 0.02 முதல் 0.48 வரை: இருபத்துநான்கு மடங்கு. பன்மையைத் தேடுபவர் எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு வாதம் வேண்டியதில்லை.

இந்த மிச்சம் என்ன செய்கிறது? நல்லெண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காததற்கு இதுவே பெரிய காரணம். செசமோலின் சூட்டில் உடைந்து செசமால் ஆகும். அது வலுவான ஆக்சிஜனேற்றத் தடுப்பி. ஜப்பானிலும் கொரியாவிலும் எள்ளை வறுத்துப் பிழிவதால் அங்கே இந்த மாற்றம் புட்டிக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. நம் செக்கில் வறுக்காத எள்ளைப் போட்டு, கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள்; செசமோலின் பெரும்பாலும் அப்படியே எண்ணெய்க்குள் வருகிறது. விதை ஒன்றே ஆனாலும் இரண்டு நாட்டு எண்ணெயும் வேதியியலில் இரண்டு பொருள். 1940-களில் இதே மிச்சத்துக்கு வேறொரு வேலையும் கிடைத்தது: பைரித்ரம் என்னும் பூச்சிக்கொல்லியோடு நல்லெண்ணெய் சேர்த்தால் அதன் வீரியம் கூடுவதைக் கண்டு, காரணம் செசமின் என்று பிரித்தறிந்தார்கள்.

இந்தியச் சட்டம் எள்ளின் மிச்சத்தைக் கையாண்ட விதம் இதைவிடச் சுவையானது. நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ஃபர்ஃபுராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் எள்ளெண்ணெய் சிவக்கும்; இது பௌடௌன் சோதனை. சிவப்பைத் தருவது செசமோலினும் அதிலிருந்து பிரியும் செசமாலும். ஆனால் செசமோலின் எண்ணெய்க்கு எண்ணெய் பல மடங்கு மாறினால் 5 சதவீதத்தில் எல்லா எண்ணெயும் ஒரே சிவப்பைத் தருமா? விதி எழுதியவர்கள் விவரமானவர்கள். சதவீதத்தோடு நிறுத்தாமல், ஒரு சென்டிமீட்டர் கலத்தில் லவிபாண்ட் அளவுகோலில் சிவப்பு 2.0-க்குக் குறையக்கூடாது என்றும் சேர்த்தார்கள். எண்ணெய்ச் சதவீதம் போதாது, மிச்சத்தையும் அளக்க வேண்டும் என்பதை நெய்க் கலப்படத்தின் பொருட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது.

லிக்னன் எள்ளின் பிறந்தகத் தகராறையும் தீர்க்க உதவியது. 1880-களில் தாவரவியலாளர் டி கண்டோல் எள்ளின் தாயகம் சுந்தாத் தீவுகள் என்றார். காட்டு எள் இனங்கள் ஆப்பிரிக்காவில் மிகுதி என்பதால் அங்கேதான் என்று பின்னால் பலர் நம்பினார்கள். 1985-ல் டொரதியா பெடிஜியனும் உடன் ஆய்ந்தோரும் செசமின், செசமோலின் சான்றோடு, பயிர் எள்ளின் மூதாதை இந்தியத் துணைக்கண்டத்துக் காட்டு எள் என்ற முடிவை வலுப்படுத்தினார்கள். ஹரப்பாவில் கிடைத்த கருகிய எள்ளும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கிறது.

மரபணு நிலையிலும் படம் தெளிந்து வருகிறது. செசமினை உண்டாக்கும் நொதி 2006-லும், அதிலிருந்து செசமோலினுக்குச் செல்லும் வழியைத் திறக்கும் நொதி 2017-லும் அடையாளம் காணப்பட்டன. இடையில் 2014-ல் சீன ரகம் ஒன்றின் மரபணுத்தொகுதி வரைவு வெளியானது. மறு ஆண்டு 705 வகைகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு வந்தது. லிக்னன் மிகுந்த எள்ளைக் குறிவைத்தே ஜப்பானில் கோமாஸோ என்ற ரகத்தை உருவாக்கினார்கள்.

6. காய்

சுருக்கமாகச் சொன்னால் போதும். காய் பெரும்பாலும் நான்கு அறை கொண்டது; ஆறும் எட்டும் உண்டு. முற்றினால் நுனியில் வெடித்து விதையைக் கொட்டும். அடியிலைகள் உதிர்ந்து காய் மஞ்சளாகும்போதே அறுத்து, நுனி உள்ளே இருக்கும்படி போர் போட்டு, சில நாள் கழித்துத் தலைகீழாகத் தட்டுவது அதனால்தான். 1943-ல் வெனிசுவேலாவில் லாங்ஹாம் வெடிக்காத காய் கொண்ட செடியைக் கண்டார். எந்திர அறுவடைக்கு வழி பிறந்தது. ஆனால் அந்தக் குணத்தோடு வேண்டாத சில குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. கூலியாள் கிடைக்காத காலத்தில் எள்ளைக் கைவிடும் விவசாயிக்கு லிக்னனைவிட வெடிக்கும் இந்தக் காய்தான் பெரிய கேள்வி.

7. காட்டு உறவுகள்

பயிர் எள்ளுக்கு 26 குரோமோசோம். செசமம் முலயானம் என்ற களை எள்ளுக்கும் அதே எண்ணிக்கை. இரண்டும் எளிதில் கலக்கும், வாரிசும் வளமாக இருக்கும். சோழமண்டலக் கரையின் மணலில் படரும் செசமம் புரோஸ்ட்ராட்டத்துக்கு 32. இதனோடு பயிர் எள்ளைக் கலக்க எஸ். ராமானுஜம் 1940-களிலேயே முயன்று கலப்பினம் பெற்றார். ஆனால் எண்ணிக்கை பொருந்தாத பெற்றோரின் பிள்ளை இயல்பாக விதை பிடிப்பதில்லை. காட்டு உறவுகளைத் தேடிப் போவது நோய் எதிர்ப்புக்காகவும்தான்: பூவெல்லாம் இலையாக மாறிப்போகும் நோய் தத்துப்பூச்சியால் பரவுகிறது. அதை எதிர்க்கும் திறன் ஆப்பிரிக்காவின் செசமம் அலாட்டத்தில் இருக்கிறது. அந்த இனம் செசமின் செய்வதில்லை, வேறொரு லிக்னனைச் செய்கிறது. எதிர்ப்பை அங்கிருந்து வாங்கப் போகிறவர் மிச்சத்தில் என்ன இழக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

8. தேர்ந்தெடுக்கும் கைகள்

எள்ளின் பன்மையைக் காப்பதும் கரைப்பதும் கடைசியில் வாங்குகிறவர் கை. எத்தியோப்பியாவில் ஹூமெரா எள் வெளுப்புக்காக ரொட்டிக்கும் இனிப்புக்கும் போகிறது. வொல்லேகா எள் எண்ணெய்க்குப் போகிறது. இந்தியாவிலிருந்து தோல் நீக்கிய வெள்ளை எள் ஏற்றுமதி வளர வளர, வெள்ளை ரகத்துக்கு நிலம் கூடும். கறுப்பு எள்ளைக் காத்து நிற்பவை எள்ளுருண்டையும், சனிக்கிழமை விளக்கும், நீத்தாருக்கு இறைக்கும் எள்ளும் தண்ணீரும், கறுப்பையே கேட்கும் சில செக்குக்காரர்களும்.

ஈரோட்டுப் பக்கம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் ஏலம் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று தனித்தனியாக நடக்கிறது. ஏலம் கேட்பவர் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பார். நிறம் பார்ப்பார், ஈரம் பார்ப்பார், மண் கலப்புப் பார்ப்பார், நான்கை வாயில் போட்டு மெல்லுவார். செசமோலின் 0.02 உள்ள மூட்டையும் 0.48 உள்ள மூட்டையும் அங்கே ஒரே விலைக்குத்தான் போகும்.